ஃபிரிட்ஜுக்குச் சட்டை

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்குச் சட்டை போடுவதா, வேண்டாமா என்பது பற்றி மூன்று வாரம் விவாதம் நடந்தது. இதைக் கேட்டு யாரும் சிரிக்க வேண்டாம். இதைவிடச் சின்ன விஷயங்களுக்காகக் குடும்பங்கள் பிரிந்திருக்கின்றன. இதைவிடச் சின்ன விஷயங்களை வைத்துக்கொண்டு நானே இரண்டு நாவல்கள் எழுதியிருக்கிறேன்.

சமாசாரம் இதுதான். 2009-ல் வாங்கிய எங்கள் பழைய ஃபிரிட்ஜ், போன சித்திரையில் ஒரு நாள் ராத்திரி கடகடவென்று சத்தம் போட்டுவிட்டு ஓய்ந்து போயிற்று. மெக்கானிக் வந்தார். பின்பக்கத்தைத் திறந்து பார்த்தார். ஆபரேஷன் அறையிலிருந்து வெளியே வரும் டாக்டர், காத்திருக்கும் சொந்தக்காரர்களைப் பார்ப்பாரே, அந்த மாதிரி என்னைப் பார்த்தார். "புதுசு வாங்கிடுங்க, சார்" என்றார்.

புதிதாக வாங்குவது என்று முடிவானதும், "அதை வைக்கிற இடத்தையும் கொஞ்சம் சரி பண்ணிடலாமே" என்றாள் என் மனைவி. 'கொஞ்சம்' என்கிற அந்த ஒரு வார்த்தைக்குள் சமையல் மேடை, அலமாரிகள், புகை இழுக்கும் சிம்னி, பாத்திரம் கழுவும் இயந்திரம் எல்லாம் அடங்கியிருந்தன என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

எங்கள் வீடு கும்பகோணத்தில் ஒரு பழைய தெருவில் இருக்கிறது. தாத்தா காலத்து வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, பின்கட்டு, கொல்லை என்று ரயில் வண்டி மாதிரி நீண்டுகொண்டே போகும். அகலம் 18 அடி, நீளம் 120 அடி. தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அதன் லட்சணம் தெரியும். இரண்டு பக்கச் சுவர்களும் அண்டை வீட்டாருக்கும் நமக்கும் பொது. அவற்றில் ஜன்னல் வைக்க முடியாது. வெளிச்சம் உள்ளே வருவதற்கு வாசல், முற்றம், கொல்லை என்று மூன்றே வழிகள். முற்றத்து வெளிச்சம் கூடத்தோடு சரி. கொல்லை வெளிச்சம் பின்கட்டைத் தாண்டி வராது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் அடுக்களைக்கு இரண்டுமே எட்டுவதில்லை.

போதாக்குறைக்கு ஐம்பது அறுபது வருஷத்து விறகுப் புகை. 1991-ல் காஸ் அடுப்பு வந்தது. ஆனால் அதற்கு முன்னால் படிந்த கரி போகவில்லை. சுவரும் உத்தரமும் ஓட்டின் அடிப்பக்கமும் எண்ணெய் தடவியது போலக் கறுப்பாக மினுங்கிக்கொண்டிருந்தன. வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் முக்கால் பங்குக்கு மேல் திருப்பித் தந்துவிடும். கரிச் சுவர் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தராது. விழுங்கிவிட்டுப் பேசாமல் இருக்கும். குழல் விளக்கு ஒன்று உண்டு. அது அடுக்களையின் நடுவில், மேலே. சமையல் மேடையோ சுவர் ஓரம். அங்கே நின்று காய் நறுக்குகிறவர் விளக்குக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும். அவருடைய நிழல் அவர் நறுக்கும் கத்தரிக்காய் மேலேயே விழும்.

இவ்வளவு விவரமாக இப்போது எழுதுகிறேனே, இதெல்லாம் இந்த வருஷம் ஜூன் மாதம் வரை எனக்குத் தெரியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம்.

தஞ்சாவூரிலிருந்து மாடுலர் கிச்சன் செய்கிற பையன் ஒருவன் வந்தான். சுறுசுறுப்பான பிள்ளை. கையில் பளபளக்கும் படப் புத்தகம். உலகத்துச் சமையலறைகள் எல்லாம் இப்போது இரண்டு கட்சிகளாகப் பிரிந்திருக்கின்றன என்று அவன் எங்களுக்கு விளக்கினான். ஒன்று, மறைப்புக் கட்சி. அலமாரிக் கதவுகளுக்குப் போடும் அதே பலகையை ஃபிரிட்ஜின் கதவுக்கும், பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் கதவுக்கும் சட்டை மாதிரி மாட்டிவிடுவது. எது அலமாரி, எது ஃபிரிட்ஜ் என்று யாருக்கும் தெரியாது. கண் எங்கும் தடைபடாமல் ஓடுவதால் சின்ன அறையும் பெரிதாகத் தெரியும் என்றான். மற்றது எவர்சில்வர் கட்சி. ஃபிரிட்ஜ், சிம்னி, இயந்திரம் எல்லாம் ஹோட்டல் சமையலறை மாதிரி எவர்சில்வர் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்பது.

நான் அந்த நிமிஷமே மறைப்புக் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. 2012-ல் வெளிவந்த என்னுடைய இரண்டாவது நாவலில் இந்த அடுக்களை வருகிறது. அடுப்பின் செந்நிற ஒளி, இருட்டில் கேட்கும் வளையல் சத்தம், புகை படிந்த சுவர், உருவம் தெரியாமல் குரல் மட்டும் வரும் அம்மா. அந்த அத்தியாயத்தைப் பாராட்டி எனக்கு வந்த கடிதங்கள் மற்ற அத்தியாயங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வந்ததைவிட அதிகம். அப்பேர்ப்பட்ட இடத்தில் ஆளுயரத்துக்கு ஒரு வெள்ளித் தகடு வந்து நிற்பதாவது! மரப் பலகைக்குள் அடங்கியிருந்தால் வீட்டின் முகம் மாறாமல் இருக்குமே என்பது என் வாதம்.

துணைக்கு ஜப்பானிலிருந்து ஒரு நாவலாசிரியரையும் அழைத்துக்கொண்டேன். தனிஸாகி என்பவர் 1933-ல் நிழலின் அழகைப் புகழ்ந்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ஜப்பானிய பாணியில் வீடு கட்டுகிறவன் மின்சாரக் கம்பியையும் காஸ் குழாயையும் எங்கே மறைப்பது என்று படும் அவஸ்தையில்தான் அந்தக் கட்டுரை ஆரம்பமாகிறது. பளபளவென்று தேய்த்த வெள்ளியைவிட, நாள்பட்டுக் கறுத்த வெள்ளியே அழகு என்கிறார் அவர். இதையெல்லாம் நான் ராத்திரி சாப்பாட்டின்போது எடுத்துச் சொன்னேன்.

மனைவி பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "அவர் வீட்டில் யாருங்க சமைச்சாங்க?" என்றாள்.

அதற்குப் பதில் என்னிடம் இல்லை. மோர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு எழுந்துவிட்டேன்.

அவள் எவர்சில்வர் கட்சி. அதற்கு அவள் சொன்ன காரணங்களில் அழகு என்ற வார்த்தையே வரவில்லை. "பலகைக்குப் பின்னாலே என்ன குடியிருக்குதுன்னு யாருக்குத் தெரியும்? கரப்பான் இருக்கும், கரையான் இருக்கும். எவர்சில்வர்னா அழுக்கு இருந்தா தெரியும், துடைச்சா போகும்" என்றாள். இன்னொன்றும் சொன்னாள்: "ஃபிரிட்ஜ் பத்துப் பதினைஞ்சு வருஷத்திலே போயிடும். அலமாரி அதுக்கு மேலேயும் இருக்கும். அப்போ அந்தப் பொந்துக்குச் சரியா இன்னொரு ஃபிரிட்ஜை எங்கே தேடறது?"

பதினோராம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகள் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. ஆனால் விசாரணைக் கமிஷன் மாதிரி எல்லாவற்றையும் விசாரித்தாள். ஃபிரிட்ஜுக்குச் சட்டை போடுவது நினைத்த மாதிரி லேசான காரியம் இல்லை என்று அவள்தான் கண்டுபிடித்தாள். உள்ளே இருக்கும் சூட்டை இழுத்து வெளியே தள்ளுவதுதான் ஃபிரிட்ஜின் உத்தியோகம். அதற்காக அது சாப்பிடும் மின்சாரமும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. சாதாரண ஃபிரிட்ஜை மூன்று பக்கமும் மரத்தால் அடைத்தால் அந்தச் சூட்டுக்குப் போக்கிடம் இருக்காது. கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடும். கரண்டுச் செலவு ஏறும், ஆயுசு குறையும். சட்டை போட்டுக்கொள்வதற்கென்றே தனி ஜாதி ஃபிரிட்ஜுகள் இருக்கின்றன. அலமாரிக்குள் அடங்கிக் காற்றுக்குத் தனி வழி வைத்துக்கொள்ளும் அவற்றின் விலை, சாதாரண ஃபிரிட்ஜைப் போலப் பல மடங்கு. கட்சி எவ்வளவு உயர்ந்ததானாலும் கட்சி நிதி என்று ஒன்று இருக்கிறது அல்லவா? நான் சற்றுத் தளர்ந்தேன். ஆனால் கொள்கையை விடவில்லை.

எவர்சில்வர் கட்சிக்கும் அவள் வக்காலத்து வாங்கவில்லை. கடைக்குப் போனபோது பையில் ஒரு சின்னக் காந்தத்தைக் கொண்டு வந்திருந்தாள். விற்பனையாளர் எவர்சில்வர் என்று காட்டிய கதவுகளில் பல, சாதாரண இரும்புத் தகட்டின் மேல் அந்த நிறத்தில் பூச்சுப் பூசியவை என்று தெரிய வந்தது. நிஜமான எவர்சில்வரிலும் வகைகள் உண்டு. குரோமியம் 10.5 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் அந்தப் பெயருக்கே யோக்கியதை. 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் கலந்தது, நல்ல பாத்திரங்களுக்கு ஆகிறது. அதில் காந்தம் ஒட்டுவது அபூர்வம். நிக்கல் இல்லாத வகையில் காந்தம் நன்றாக ஒட்டும். "ஆனா காந்தம் மட்டும் போதாதுப்பா. பெயிண்ட் அடிச்ச இரும்பிலேயும்தான் ஒட்டுது. என்ன உலோகம்னு எழுதியிருக்கிறதைக் கேட்டு வாங்கணும்" என்று தீர்ப்புச் சொன்னாள்.

எவர்சில்வர் என்று நாம் அழைக்கும் இந்தச் சாமானை 1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் ஹாரி பிரியர்லி என்பவர் உருக்கி எடுத்தார். அவர் தேடியது துப்பாக்கிக் குழாய்க்குத் தேய்மானம் இல்லாத இரும்பு. கிடைத்ததோ துருப்பிடிக்காத இரும்பு. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய குரோமிய ஆக்ஸைடுப் படலம் ஒன்று அதன் மேல் தானாகவே படர்ந்திருக்கிறது. கீறினால், காற்றுப் பட்டு மறுபடியும் தானே மூடிக்கொள்ளும். துப்பாக்கியைத் தேடிப் போனவர் கடைசியில் தென்னிந்தியப் பெண்களின் முதுகுவலிக்கு மருந்து கொண்டு வந்து சேர்த்தார் என்று சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் பேர் போனது. 1975-ல் அம்மாவுக்குக் கல்யாணம் ஆனபோது சீராக வந்தவையும் பித்தளைதான். அவற்றைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டும். உள்ளே ஈயம் பூசாமல் புளிக்குழம்பு வைக்க முடியாது. பூசிய ஈயம் சில மாதத்தில் தேய்ந்துவிடும். "ஈயம் பூசறதே" என்று குரல் கொடுத்துக்கொண்டு வருகிறவருக்காக அம்மா காத்திருப்பாள். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாளில், ஒரு வெள்ளிக்கிழமை பார்த்து அந்தப் பித்தளையை எல்லாம் எடைக்குப் போட்டு எவர்சில்வராக மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். ஒவ்வொரு பாத்திரத்திலும் கடைக்காரர் புள்ளி புள்ளியாக அம்மாவின் பெயரை வெட்டிக் கொடுத்திருந்தார். அன்றைக்கு அம்மா ஒரு சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. பிற்காலத்தில் நான் ஒரு கட்டுரையில், நம் வீடுகளிலிருந்து பித்தளை போனதோடு ஏதோ ஓர் அழகும் போய்விட்டது என்று வருத்தப்பட்டு எழுதினேன். அம்மா அதைப் படித்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

விவாதம் இப்படி இழுபறியாக இருந்த சமயத்தில் என் மைத்துனியின் பேத்திக்குத் திருச்சியில் காது குத்துக் கல்யாணம். மனைவி நாலு நாள் போய்விட்டு வருவதாகக் கிளம்பினாள். "ஹோட்டல்லே வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அடுக்களையைப் பற்றி ஒரு முழு அத்தியாயம் எழுதியவன் நாலு நாள் சமைக்க மாட்டேனா என்று எனக்கு ஒரு ரோஷம் வந்துவிட்டது.

முதல் நாள் சாம்பார் வைத்தேன். பருப்பு வேகவில்லை. இன்னும் நாலு விசில் விட்டேன். அப்போதும் முழிமுழியாகவே நின்றது. மகள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "அப்பா, இது சாம்பாரா, சுண்டலா?" என்று கேட்டாள். டப்பாவைக் கூடத்துக்குக் கொண்டுபோய் முற்றத்து வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. துவரம் பருப்பு என்று நினைத்துக் கடலைப் பருப்பைப் போட்டிருந்தேன். அதே அளவு டப்பா, அதே தட்டு, பக்கத்துப் பக்கத்தில்.

இரண்டாம் நாள் விரலை நறுக்கிக்கொண்டேன். பெரிய காயமில்லை. ஆனால் ரத்தம் வருவதே, வாழைக்காய்த் துண்டு ஈரமாகிக் கையில் வழுக்கியபோதுதான் எனக்குத் தெரிந்தது. மூன்றாம் நாள் அரிசியில் கல் பார்க்க முறத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துப் படியில் போய் உட்கார்ந்தேன். அங்கே உட்கார்ந்த பிறகுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. பதினெட்டு வருஷமாக என் மனைவி அந்தப் படியில்தான் உட்கார்ந்து அரிசி பார்க்கிறாள். அவளுக்குக் காற்று வேண்டியிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் மகள் தன் செல்போனில் வெளிச்சத்தை அளக்கும் ஏற்பாடு ஒன்றை இறக்கிக்கொண்டு வந்தாள். முதலில் என் எழுத்து மேஜை. அது வாசல் ஜன்னலோரம் இருக்கிறது. 640 லக்ஸ் என்று காட்டியது. பிறகு சமையல் மேடை, குழல் விளக்கைப் போட்டுக்கொண்டு. 45. "இப்போ நீங்க வழக்கமா அம்மா நிக்கிற இடத்திலே வந்து நில்லுங்க" என்றாள். நின்றேன். என் நிழல் மேடைமேல் விழுந்தது. 20. "படிக்கறதுக்கு 300-ஆவது வேணும்னு சொல்றாங்கப்பா" என்றாள். செல்போன் கணக்கு ஒரு பத்து இருபது முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் அறுநூற்றுக்கும் இருபதுக்கும் உள்ள தூரம் அப்படியெல்லாம் அழிந்து போகாது.

அந்த ராத்திரி எனக்கு ஒரு விபரீத எண்ணம் தோன்றியது. அம்மாவின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். 2016-ல் அம்மா காலமானாள். திண்ணையில் உட்கார்ந்திருந்த முகம் நினைவுக்கு வந்தது. கோயிலில் நின்ற முகம் வந்தது. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்த முகமும் வந்தது. ஆனால், வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்த அந்த அடுக்களையில் அம்மாவின் முகம் எப்படி இருந்தது? வளையல் சத்தம் நினைவிருக்கிறது. குரல் நினைவிருக்கிறது. தட்டை நீட்டும் கை நினைவிருக்கிறது. முகம் இல்லை. எவ்வளவு நேரம் தேடினாலும் அங்கே முகம் இல்லை. உருவம் தெரியாமல் குரல் மட்டும் வரும் அம்மா என்று நான் எழுதியதை எல்லாரும் கவிதை என்று பாராட்டினார்கள். அது கவிதை இல்லை. வெளிச்சம் போதவில்லை, அவ்வளவுதான்.

மனைவி திரும்பி வந்ததும் என் விரல் கட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். நான் சரணாகதிப் பத்திரம் வாசித்தேன். பலகையா, எவர்சில்வரா என்பதெல்லாம் அப்புறம், முதலில் வெளிச்சம் என்றேன். இருட்டு அறையில் கருமரப் பலகை போட்டால் இருட்டு இன்னும் நெருங்கி வரும். எவர்சில்வர் போட்டாலும் அது சொந்தமாக விளக்கெரிக்காது. எதிரில் இருப்பதைத்தான் திருப்பிக் காட்டும், எதிரில் கரிச் சுவர் இருந்தால் கரியைத்தான் காட்டும். ஓட்டைப் பிரித்துக் கண்ணாடி ஓடு நாலு வைப்பது, கரியைச் சுரண்டி வெள்ளையடிப்பது, மேல் அலமாரியின் அடிப்பக்கத்தில் மேடைக்கு நேராக ஒரு விளக்கு வரிசை பொருத்துவது என்று திட்டம் சொன்னேன். விளக்கு முன்னால் இருந்தால் நிழல் பின்னால் போய்விடும் அல்லவா?

அதோடு ஒரு சின்ன வேண்டுகோளும் வைத்தேன். பழைய விறகு அடுப்பு இருந்த மூலையில் மட்டும் ஒரு முழம் சுவரைச் சுரண்டாமல் அப்படியே விட்டுவிடலாம், அது அம்மாவின் கரி, ஒரு ஞாபகமாக இருக்கட்டும் என்றேன். சொல்லும்போது என் குரல் கொஞ்சம் தழுதழுத்தது என்றுகூட வைத்துக்கொள்ளலாம்.

மனைவி சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"அத்தை கேட்டதே அதைத்தாங்க. கண்ணாடி ஓடு ரெண்டு போட்டு, இந்தச் சுவருக்கு வெள்ளையடிச்சுக் கொடுங்கன்னு. மாமாகிட்டே கேட்டாங்க. மழையிலே ஒழுகும்னு மாமா சொல்லிட்டாங்க. மாமா போனதுக்கு அப்புறம் உங்ககிட்டேயும் கேட்டாங்க."

"என்னிடமா? எப்போது?"

"நீங்க அந்த நாவல் எழுதிக்கிட்டிருந்தீங்க. 'ஆகட்டும்மா, இதை முடிச்சுட்டுப் பார்க்கிறேன்'னு சொன்னீங்க. அத்தையும் அதுக்கப்புறம் கேட்கலை."

எனக்கு நினைவே இல்லை. இன்றைக்கும் யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை. ஆனால் அந்த வாக்கியம் என்னுடையதுதான். 'இதை முடிச்சுட்டுப் பார்க்கிறேன்.' அந்த வாக்கியத்தை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வேன். அடுக்களை இருட்டின் அழகைப் பற்றி எழுதுவதற்காக, அந்த இருட்டைப் போக்கச் சொன்னவளைக் காக்க வைத்திருக்கிறேன்.

அந்த ஒரு முழம் சுவரைப் பற்றி நான் அதற்குப் பிறகு பேசவில்லை.

வேலை ஆரம்பமாயிற்று. கரி லேசில் போகவில்லை. கொத்தனார் இரும்புத் தூரிகையால் சுரண்டி இரண்டு கை சுண்ணாம்பு அடித்தார். மூன்றாம் நாள் காபிக் கறை மாதிரிப் பழுப்பு மேலே கசிந்துவிட்டது. "எத்தனை வருஷப் புகைங்க! உள்ளே குடிச்சிருக்கு" என்றார். மறுபடி சுரண்டி, கறையை அடக்கும் பூச்சு ஒன்று கொடுத்து, அதன் மேல் வெள்ளை அடித்தார். கண்ணாடி ஓடு வைத்த அன்று காலை பத்து மணிக்கு நாலு சதுரமாக வெயில் தரையில் இறங்கியது. என் மனைவி அதன் நடுவில் நின்றுகொண்டு, ஒன்றும் செய்யாமல், கையை நீட்டிப் பார்த்தாள். நெற்றியோரம் அவளுக்கு இவ்வளவு நரைத்திருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மகள் அளந்து பார்த்தாள். 380 என்றாள்.

நல்ல மழை வந்தது. ஒழுகவில்லை.

வெளிச்சம் வந்த பிறகு பார்த்தால், மூன்று வாரம் சண்டை போட்ட விஷயம் அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை. வெளிர் நிறப் பலகை போட்டிருந்தாலும் நன்றாகத்தான் இருந்திருக்கும். நல்ல காற்றோட்டமும் பணவசதியும் உள்ள வீட்டில், சமையலறை கூடத்தோடு சேர்ந்திருக்கும் இடத்தில், மறைப்புக் கட்சியில் நியாயம் உண்டு என்று இப்போதும் சொல்வேன். எங்கள் வீட்டில் எவர்சில்வர் ஜெயித்தது. நிஜ எவர்சில்வர், மங்கலான மெருகு. கண்ணாடி ஓட்டு வெயில் நேராக அதன் மேல் பட்டுக் கண்ணைக் கூசாதபடி பக்கவாட்டில் நிற்கிறது. உப்புத் தண்ணீர் பட்டால் உடனே துடைக்க வேண்டும், பிளீச்சிங் திரவம் ஆகாது, துணியைக் கோடு ஓடும் திசையிலேயே ஓட்ட வேண்டும் என்று அதற்கும் சில ஆசாரங்கள் இருக்கின்றன. பாத்திரம் கழுவும் இயந்திரமும் அதே முகம்தான்.

ஒரே ஒரு பொருளுக்குத்தான் என் மனைவி பலகை போட்டு மறைக்கச் சொன்னாள். குப்பைக் கூடைக்கு. எதை மறைக்க வேண்டும், எதைக் காட்ட வேண்டும் என்று அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருக்கிறது. கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பாள்.

தனிஸாகியைப் பற்றிப் பிற்பாடு ஒன்று படித்தேன். அவர் புது வீடு கட்ட நினைத்தபோது ஒரு கட்டடக் கலைஞர் வந்தாராம். தங்கள் நிழல் கட்டுரையைப் படித்திருக்கிறேன், தங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும் என்றாராம் பெருமையாக. அந்த மாதிரி வீட்டில் என்னால் குடியிருக்க முடியாதே என்று பதறினாராம் தனிஸாகி. இதைச் சொன்னவர் அவருடைய மனைவி. நான் என் மனைவியிடம் இதைப் படித்துக் காட்டினேன். "பார்த்தீங்களா, அந்த அம்மாவைக் கேட்டிருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்கும்" என்றாள்.

எவர்சில்வருக்கு ஒரு குறை உண்டு. தொட்டவர்களின் விரல் அடையாளம் எல்லாம் அதில் பதியும். பலகையாக இருந்தால் தெரியாது. முதல் வாரம் கதவு நிறைய என் மனைவியின் விரல்கள்தான். இப்போது நான் காலையில் காபி போடுகிறேன். வெள்ளிக்கிழமைகளில் சாம்பாரும் உண்டு, துவரம் பருப்பில். பாட்டி பாத்திரங்களில் பெயர் வெட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, ஃபிரிட்ஜுக்கும் பெயர் வெட்டலாமா என்று மகள் ஒரு நாள் கேட்டாள்.

"வேண்டாம், உங்கப்பா கைரேகையே போதும். யார் துடைக்கிறதாம்?" என்றாள் என் மனைவி.

நான் துணியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.